‘மெல்லக் கற்போர்’, ‘ஏரியா பசங்க’: பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள் அவர்களை என்ன செய்கின்றன? (வடசென்னைப் பெற்றோர், ஆசிரியர் விவாத இழை)

கரும்பலகை (வியாசர்பாடி)

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் எடுத்து வருகிறேன். நெடுநாளாக மனத்தை அரித்துக் கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் முன்னால் வைக்க விரும்புகிறேன்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். 35 மதிப்பெண்ணைத் தொடாதவர்களும், தொட்டும் தொடாமலும் நிற்பவர்களும் ‘மெல்லக் கற்போர்’ என்று பிரிக்கப்படுவார்கள். அவர்கள் கையில் ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுக்கப்படும். கணிதத்தில் அது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வடிவியலில் ஒரு 8 மதிப்பெண் கேள்வி, வரைபடத்தில் ஒரு 8 மதிப்பெண் கேள்வி, புத்தகத்தின் பின்பயிற்சியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள், ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் சில சிறு கணக்குகள். இவற்றைத் திரும்பத் திரும்ப எழுதினால் தேர்ச்சி நிச்சயம். முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும் அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை புத்தகத்தில் இருந்தும் இல்லாதவைதாம்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பயிற்சி நடந்து கொண்டிருந்தது. மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து, நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு இன்னொரு வட்டம் போட வேண்டும். கவராயத்தை ஒருமுறைகூட நழுவ விடாமல் அச்சடித்தது போல் வரைந்து முடித்த ஒரு பையன், “சார், எதுக்கு நடுவுல இன்னொரு வட்டம் போடுறோம்?” என்று கேட்டான். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர், “உனக்கு அது வேணாம்டா, போட்டா எட்டு மார்க்கு, அவ்வளவுதான்” என்றார். அரைவட்டத்துக்குள் அமையும் கோணம் செங்கோணம் என்ற ஒரு வரிதான் அதற்கு விடை. அந்த வரியைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த ஆசிரியர் நல்லவர், மாலையில் பிள்ளைகளுக்குத் தம் காசில் பிஸ்கட் வாங்கித் தருபவர். ஆனாலும் பட்டியலில் இருக்கும் பையனுக்குக் காரணம் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பையன் வகுப்பில் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை. தேர்ச்சி பெற்றான், கணிதப் பிரிவு கிடைக்கவில்லை, “நாங்கள் சொன்னது சரிதானே” என்று பட்டியலும் மெய்யாகிப் போனது.

1948இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதைத்தான் விளக்கினார்: பொய்யான ஒரு கணிப்பை நம்பி எல்லோரும் நடந்து கொள்ளும்போது அந்த நடத்தையே கணிப்பை உண்மையாக்கி விடுகிறது. 1964-65 கல்வியாண்டில் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் ராபர்ட் ரோசந்தால் இதைச் சோதித்தார். பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைச் சீட்டுக் குலுக்கியது போல் எடுத்து, “இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள் என்று தேர்வு காட்டுகிறது” என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார். ஆண்டு முடிவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் மற்றவர்களைக் காட்டிலும் தெளிவாகக் கூடியிருந்தது. ஆசிரியரின் எதிர்பார்ப்பு நான்கு வழிகளில் பிள்ளையிடம் போய்ச் சேர்வதாக அவர் பின்னால் வகுத்தார்: முகத்தில் காட்டும் அன்பு, சொல்லித் தரும் பாடத்தின் அளவு, பதில் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு, பதிலுக்குக் கிடைக்கும் மறுமொழி. இவற்றில் இரண்டாவதுதான் நம் பள்ளிகளில் மினிமம் மெட்டீரியலாக அச்சடித்தே வந்து விடுகிறது.

உங்கள் அனுபவங்களையும் மறுப்புகளையும் எழுதுங்கள்.

---

நூலகத்துத் திண்ணை (பெரம்பூர்)

ஐயா, உளவியல் படித்தவள் என்ற முறையில் உங்கள் கருத்துக்கு வலு சேர்க்கும் ஒன்றையும், கவனமாக இருக்க வேண்டிய ஒன்றையும் சொல்கிறேன்.

ரோசந்தாலின் ஆய்வு 1968இல் நூலாக வந்த உடனேயே, அதில் பயன்படுத்தப்பட்ட தேர்வின் நம்பகத்தன்மை குறித்துக் கடுமையான விமர்சனம் எழுந்தது. மேல்வகுப்புகளில் விளைவு தென்படவுமில்லை. பிற்கால ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த லீ ஜஸ்ஸிம், கென்ட் ஹார்பர் ஆகியோர் 2005இல் சொன்ன முடிவு நிதானமானது. ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு பொதுவாகப் பிள்ளையின் உண்மையான நிலையையே ஒட்டியிருக்கிறது, எதிர்பார்ப்பால் மட்டும் விளையும் மாற்றம் சராசரியாகச் சிறியது என்றார்கள். ஆனால் ஏற்கெனவே சமூகத்தால் தாழ்த்திப் பார்க்கப்படும் குழுக்களின் பிள்ளைகளிடம் அந்த மாற்றம் பெரிதாக இருக்கக் கூடும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். சராசரிக் கணக்கை வைத்து நம் பகுதியை அளக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் 18 பரிசோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, பிள்ளைகளை ஓரிரு வாரங்கள் நேரில் பழகிப் பார்த்து விட்ட ஆசிரியர்களிடம் வெளியாள் சொல்லும் கணிப்பு எடுபடவில்லை என்று தெரிந்தது. பழகுவதற்கு முன்னால் காதில் விழுந்த கணிப்புதான் வேலை செய்கிறது. மாறுதலில் நம் பகுதிக்கு வரும் ஆசிரியருக்கு முதல் நாளே ஆசிரியர் ஓய்வறையில் என்ன சொல்லப்படுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். எந்தத் தெருப் பிள்ளை, எவன் அண்ணன் மீது வழக்கு, எவள் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பதெல்லாம் பிள்ளைகளின் முகம் தெரியும் முன்பே அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்து விடுகிறது.

---

ரயில்வே கேட் (கொருக்குப்பேட்டை)

பள்ளியோடு இது முடிவதில்லை என்பதற்காக எழுதுகிறேன். நான் கணினித் துறையில் நல்ல சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வங்கியில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தபோது எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தும் நிராகரித்தார்கள். வீட்டைச் சரிபார்க்க வந்த பையனிடம் விசாரித்தேன். அவன் தயங்கித் தயங்கி, “அண்ணே, இந்த பின்கோடு நெகட்டிவ் ஏரியாவுல வருது” என்றான். அவனும் கொடுங்கையூர்க்காரன்தான். வேலை தேடிய காலத்தில் என் நண்பர்கள் பலர் பெரம்பூரிலோ அண்ணா நகரிலோ இருக்கும் உறவினர் முகவரியைத்தான் விண்ணப்பத்தில் எழுதினார்கள். யாராவது எந்தப் பக்கம் என்று கேட்டால் “சென்ட்ரல் பக்கத்துல” என்று சொல்லி நிறுத்தி விடுவோம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. எங்கள் தெருவிலேயே, “நாங்கள் அப்படியில்லை, அந்தப் பின்தெருக்காரர்கள்தான் அப்படி” என்று பேசுவது வழக்கமாகி விட்டது. பின்தெருவில் கேட்டால் அவர்கள் கால்வாய் ஓரத்தைக் கை காட்டுகிறார்கள்.

---

நூலகத்துத் திண்ணை (பெரம்பூர்)

தம்பி, நீங்கள் எழுதிய கடைசி வரிகளை லோயிக் வாக்கான் என்ற சமூகவியலாளர் சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்புகளிலும் பாரிஸின் புறநகர்களிலும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முகவரியை மறைப்பது, அக்கம்பக்கத்தாரிடமிருந்து தன்னை விலக்கிக் காட்டுவது, வாய்ப்புக் கிடைத்ததும் இடத்தை விட்டுப் போவது ஆகிய மூன்றும் இரண்டு ஊர்களிலும் ஒன்று போலவே இருந்தன. இழிபெயர் விழுந்த இடத்தில் ஒருவரையொருவர் நம்புவது குறைகிறது, அதனால் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய குடிநீருக்கும் கழிவுநீருக்கும்கூட ஆள் சேருவதில்லை.

---

இரு பிள்ளைகளின் தாய் (தண்டையார்பேட்டை)

எல்லோரும் பெயர் வைப்பதையே தவறு என்பது போல எழுதுகிறீர்கள். என் அனுபவம் அப்படி இல்லை என்பதால் மறுப்பாகவே எழுதுகிறேன்.

என் மூத்த மகன் நான்காம் வகுப்பு வரை ‘சோம்பேறி’, ‘மந்தம்’, ‘கவனமே இல்லை’ என்ற பெயர்களோடுதான் வளர்ந்தான். ‘ட’வும் ‘ப’வும் அவனுக்கு இடம் மாறும், பலகையைப் பார்த்து எழுதினால் பாதி வார்த்தை காணாமல் போகும், ஆனால் அதே பாடத்தைக் காதால் கேட்டால் வரி பிசகாமல் சொல்வான். அடித்தும் பார்த்தேன், அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். பிறகு ஒரு சிறப்பாசிரியர் பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பி, டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுத்தில் கொடுத்தார். அன்று என் மகன் என்னிடம் கேட்டது இதுதான்: “அப்ப நான் சோம்பேறி இல்லையாம்மா?”

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதையும் மாற்றுத்திறனின் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று தேர்வுத் துறை சலுகைகளும் தருகிறது. சான்றிதழில் அந்தப் பெயர் இல்லையென்றால் இவற்றில் எதுவும் கிடைத்திருக்காது. எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் இதே குறைபாடு உள்ள பிள்ளைகள் இருப்பதாக எனக்குச் சந்தேகம். “பிள்ளைக்குப் பட்டம் கட்டி விடுவார்கள்” என்று பயந்து அந்தப் பெற்றோர்கள் யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை.

---

கரும்பலகை (வியாசர்பாடி)

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மறுப்பு எனக்கு ஒரு தெளிவைத் தந்திருக்கிறது. இனி எந்தப் பெயரைப் பற்றியும் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்: பெயர் வைத்த மறுநாள் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஏதாவது கிடைத்ததா, அல்லது இருந்ததும் பிடுங்கப்பட்டதா? உங்கள் மகனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. என் வகுப்புப் பையனுக்கு முக்கோணவியல் போனது. இருவரையும் ஒரு காகிதத்தில் எழுதித்தான் பிரித்தார்கள்.

---

வழக்குமன்ற வாசல் (ராயபுரம்)

ஆசிரியர் ஐயாவின் கேள்வியைக் காவல் நிலையம் தொடர்ந்து கண்காணிக்கும் ஆட்களின் பதிவேடான ‘ஹிஸ்டரி ஷீட்’டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். வழக்கறிஞராக இந்தப் பகுதி இளைஞர்கள் பலருக்காக நான் ஆஜராகியிருக்கிறேன்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓர் அடிதடி வழக்கு, அடுத்த ஆண்டு இன்னொன்று வந்தால் பதிவேட்டில் பெயர் ஏறி விடும். அதன் பிறகு அவன் ஏ, பி, சி என்று ஒரு வகைக்குள் வந்து விடுகிறான். தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், பகுதியில் வேறு யாரோ வெட்டப்பட்டால், முதலில் அழைக்கப்படுபவன் அவன்தான். நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், மீறினால் எஞ்சிய காலத்தைச் சிறையில் கழிக்க நேரிடும். விசாரணைக்குப் போகும் நாளெல்லாம் கூலி போகும். வேலை கொடுத்தவருக்கு விஷயம் தெரிந்து, “நீ அடுத்த வாரம் வாப்பா” என்பார். அந்த அடுத்த வாரம் வரவே வராது. பெண் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அவனை மதித்துப் பேசுபவர்கள், அதே பதிவேட்டில் இருக்கும் மற்றவர்கள் மட்டுந்தான் என்ற நிலை வந்த பிறகு, அவன் யாரோடு சேருவான்? 1963இல் ஹோவர்ட் பெக்கர் எழுதியதும் இதுதான். சமூகம் ஒருவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்திய பின், அவனுடைய மற்ற அடையாளங்கள் எல்லாம் அதன் கீழே புதைந்து போகின்றன.

இதைக் கருணைப் பேச்சாக மட்டும் எடுத்துக் கொள்ள வேண்டாம். 2010இல் அந்தோணி பெட்ரோசினோ குழுவினர் 29 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். தவறு செய்த சிறுவர்களை முறையான நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்படுத்தியதால் குற்றம் குறையவில்லை, வேறு வழியில் திருப்பி விடப்பட்டவர்களோடு ஒப்பிடும்போது பெரும்பாலும் கூடவே செய்தது என்று கண்டார்கள். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. சிறுவர்களைப் பற்றிப் பேசும்போது குற்றஞ்சாட்டும் சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த வயதில் கிடைத்த தண்டனை பின்னாளில் எந்தத் தகுதியிழப்பையும் ஏற்படுத்தக் கூடாது, பதிவேடுகளும் அழிக்கப்பட வேண்டும். பெற்றோர்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். பதினேழு வயதில் நடந்ததை இருபத்திரண்டு வயதில் யாராவது எடுத்துக் காட்டினால், சட்டம் உங்கள் பிள்ளையின் பக்கம் நிற்கிறது.

---

சொந்தக் காலில் (எண்ணூர்)

வழக்கறிஞர் சார் சொல்வது ஒரு பக்கம். ஆனால் நானும் இதே மண்ணில்தான் பிறந்தேன், இதே பெயர்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். தெருவிளக்கில் படித்து இன்று அரசுப் பணியில் இருக்கிறேன். கத்தி எடுத்தவனால் கணவனை இழந்த பெண்களும் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், முத்திரைதான் அவனைக் கெடுத்தது என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் ஊர் வைத்த பெயரே காரணம் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் முயற்சி செய்வதை விட்டு விடுவார்கள் என்பது என் அச்சம்.

---

நூலகத்துத் திண்ணை (பெரம்பூர்)

உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. கத்தி எடுத்தவன் செய்ததற்கு அவனே பொறுப்பு. அதைக் குறைத்துப் பேச இங்கு யாரும் வரவில்லை. முயற்சியைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் அச்சிட்ட வழிதேடும் புதிர்களைக் கொடுத்து, தீர்ப்பதற்கேற்பப் பணம் தந்தார்கள். ஆய்வறிக்கை 2004இல் வெளிவந்தது. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது, மேல்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தார்கள். தொடங்கும் முன் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் உரக்க வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. அந்தச் சிறுவர்களுக்கு யாரும் எந்தத் தத்துவமும் சொல்லிக் கொடுக்கவில்லை. தங்களை இங்கே எப்படி மதிப்பிடுவார்கள் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எவரும் சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது என்று பரிந்துரைத்ததை இந்த ஆய்வோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உதவித்தொகைப் படிவம் வாங்க “எஸ்சி பசங்க எழுந்து நில்லுங்க” என்று வகுப்பில் சொல்லப்படுவதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அன்று அடுத்த பாடவேளையில் கணக்குத் தேர்வு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

மில்காரர் மகன் (பட்டாளம்)

எனக்கு அறுபதைக் கடந்த வயது. ஆராய்ச்சி எதுவும் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். என் தந்தையார் பி அண்டு சி மில்லில் தறி ஓட்டியவர். 1918இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இந்த மில் தொழிலாளர்களால்தான். அந்தக் காலத்தில் இந்தத் தெருக்களுக்கு வேறு பெயர் இருந்தது. ‘மில்காரர் வீடு’ என்றால் மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்துக் கொள்ளலாம், பெண் கேட்டுப் போனால் திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி தருவார்கள். சங்குச் சத்தத்துக்கு எழுந்து, ஷிப்டு முடித்து, மாலையில் சங்கத்திலோ படிப்பகத்திலோ உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்த மனிதர்கள் அவர்கள்.

1996இல் மில் மூடப்பட்டது. என்னுடைய தம்பி வயதுப் பையன்கள் கண்ணெதிரே வேலையில்லாமல் தெருமுனைக்கு வந்தார்கள். அதற்குப் பின்னால்தான் ‘அந்த ஏரியாவா?’ என்று கேட்கும் வழக்கம் பெருகியது. அதே வீடுகள், அதே குடும்பங்கள், அதே ரத்தம். எங்கள் பிள்ளைகளின் குணத்தைப் பற்றிப் பேசும் யாரும் அந்த மில் வாசலைப் பற்றிப் பேசியதில்லை என்பதுதான் என் மனக்குறை. எண்ணூர்த் தம்பி கோபித்துக் கொள்ள வேண்டாம். நீங்கள் தெருவிளக்கில் படித்தது பெருமைதான், ஆனால் உங்களோடு அந்த விளக்கின் கீழ் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

---

கடலோரக் கணக்கு (காசிமேடு)

நான் பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படித்து வருகிறேன். புகழ்ச்சியாக வைக்கப்படும் பெயர்களும் எங்களைக் கட்டிப் போடுகின்றன என்று பதிவு செய்ய விரும்புகிறேன்.

வடசென்னை என்றாலே பாக்சிங், புட்பால், கேரம், கானா என்று பாராட்டுகிறார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா மூன்று தங்கம் வென்றபோது, எங்கள் தெருவே பட்டாசு வெடித்தது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், “காசிமேடா, என்ன கேம் ஆடுவே?” என்று கேட்ட பேராசிரியருக்கு, நான் கணக்குப் பதிவியலில் மாவட்ட அளவில் சிறந்த மதிப்பெண் வாங்கியவள் என்பது தோன்றவே இல்லை. அவர் அன்பாகத்தான் கேட்டார். இங்குள்ள பெண்களுக்குக் கணக்குத் தணிக்கையும் வரும் என்பதை யாராவது எதிர்பார்த்தால் நன்றாக இருக்கும்.

வீட்டிலும் இது நடக்கிறது. ‘எங்க பொண்ணு புத்திசாலி’ என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வந்ததால், முதல் முறை தேர்வில் தவறியபோது முடிவை வீட்டில் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களைத் தவிர்த்தார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லவும் செய்தார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பிறகும் தொடர்ந்து போட்டுப் பார்த்தார்கள். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் அவர் வலை பின்னிக் கொண்டே, “இன்னிக்கு எத்தனை கணக்கு போட்டே?” என்று மட்டும் கேட்கிறார்.

---

சொந்தக் காலில் (எண்ணூர்)

பட்டாளத்துப் பெரியவரின் கேள்விக்குப் பதில்: விளக்கின் கீழ் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும்தான் ஒரு தமிழாசிரியர் தம் வீட்டுப் புத்தகங்களைக் கொடுத்து வந்தார். அவர் ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் இதுவரை யோசித்ததில்லை.

---

கரும்பலகை (வியாசர்பாடி)

எல்லோருக்கும் என் நன்றி. பேசியதை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். அந்தக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை என்பதால், நீங்களும் உங்கள் பள்ளிகளில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம்.

மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் கூடுதலாகவே தரப்பட வேண்டும், எந்தப் பாடத்துக்கும் பதிலாகத் தரப்படக் கூடாது. காலாண்டில் எழுதிய பட்டியலை அரையாண்டுக்குப் பின் புதிதாக எழுத வேண்டும், பழைய பெயர்களைப் படியெடுக்கக் கூடாது. புதிய ஆசிரியரிடம் முதல் இரண்டு வாரம் பிள்ளைகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், மருத்துவக் காரணங்களைத் தவிர. உதவித்தொகைப் படிவங்களைத் தலைமையாசிரியர் அறையில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் அனைவரையும் ஐந்தாம் வகுப்புக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தண்டையார்பேட்டை அம்மா, அந்த நான்கு வீட்டாரிடமும் பேச நீங்களே வந்தால் நல்லது. நான் போய்ச் சொன்னால் ஆசிரியர் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள், உங்கள் மகனைப் பார்த்தால் கேட்பார்கள்.

முக்கோணவியலை மாலை வகுப்பில் நானே எடுக்கிறேன். காசிமேட்டுச் சகோதரி சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.